இருவரும் சேர்ந்து சொன்ன பிரிவு

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினைப் பார்த்துக்கொள்வது ஆஸ்பத்திரியில் அவள் வேலை. குத்துவதே தெரியாமல் ஊசி போடுவாள், அதனால் நோயாளிகளுக்கு அவள் ஊசியக்கா. "அக்கா லீவுன்னா நானும் லீவு" என்று ஒரு பெரியவர் நர்ஸுகளை மிரட்டுவார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கேலியும் கிண்டலுமாக இருந்த மனுஷர். ஒருநாள் கூட வேலை பார்த்த கூட்டாளி அவர் கண்ணெதிரே லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். அதற்கப்புறம் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற கதைதான். அவள் குளிக்கக் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவார். வேலையில் இருக்கும்போது போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். அவள் கண்ணயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்.

பயம் ஒட்டிக்கொள்ளும். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நிற்க ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். தெருவில் இறங்கினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமாம். மத்தியானம் கீழ்வீட்டு அடுப்படி தீப்பிடித்தது. ஜன்னல் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தது. கதவை அடித்தாள், கத்தினாள். எல்லோரும் படியில் இறங்கி ஓடும் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. "ஏங்க, ஓடி வாங்க" என்று போனில் சொல்லிவிட்டு, ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள்.

வந்துவிட்டார். ஆனால் சாவி பூட்டுக்குள் போகாமல் உரசிக்கொண்டே இருந்தது. மேல்வீட்டுக்காரர்தான் சாவியைப் பிடுங்கித் திறந்தார்.

தீ பெரிதாகாமல் அணைத்துவிட்டார்கள். சாயங்காலம் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "உன்னைக் காப்பாத்துறேன்னு நானே கொன்னிருப்பேன்" என்றார்.

"நாம பிரிஞ்சிடலாங்க."

சொன்னதும் அவர் கத்தப்போகிறார் என்று கதவோரம் நகர்ந்தாள். அவர் கத்தவில்லை. "நானும் அதைத்தான் நெனச்சேன். சொல்ல தைரியம் வரல" என்றார்.

மாமியார் கொதித்துப் போனார். "அடிச்சானா? குடிச்சானா? பயந்ததுக்கெல்லாமா பிரிவாங்க?"

இருவரும் பள்ளிவாசல் காஜியாரிடம் போனார்கள். அவர் அவசரப்படவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். கணவரை வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினார். அதன் பிறகும் இருவரும் அதே முடிவோடு வந்து நின்றார்கள்.

"மனைவி கேட்டு கணவர் விட்டா அது குலா. இங்க ரெண்டு பேருமே விலக நெனைக்கிறீங்க. இது முபாராத். சொல்லி முடிச்சா, நெனச்சபோது திரும்பிக்க முடியாது. மறுபடி சேரணும்னா புதுசா நிக்காஹ்தான். புரியுதா?"

இருவரும் தலையாட்டினார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராச்சும் மிரட்டினாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றாள்.

பிறகு சாட்சிகள் முன்னால் இருவரையும் உட்கார வைத்தார். அவள் முதலில் சம்மதம் சொன்னாள். அடுத்து அவர் முறை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சாட்சி தொண்டையைச் செருமினார். மாட்டேன் என்று எழுந்துவிடுவாரோ என்று அவளுக்கு உயிரே இல்லை. சரி என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தபோதும் அதே பயம்தான். எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இவ புகைக்குள்ள கெடந்தது கண்ணுக்குள்ளயே இருக்கு ஹஜ்ரத்" என்றார் அவர். "எனக்கும் சம்மதம்."

இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடியும்வரை அவள் அதே வீட்டில் இருந்தாள். அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். தனியாக இருந்த அந்த நாட்களில் கதவைத் தாழ் போடவும் பயந்தாள், போடாமல் இருக்கவும் பயந்தாள். தெருவில் யாராவது ஓடினால் எழுந்து நின்றுவிடுவாள்.

ஒரு காலையில் மாமியார் போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று காதில் வைக்கவே தயங்கினாள்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறான். நேத்து நல்லா தூங்கினான்" என்றார் மாமியார். பிறகு, "நீ தூங்குறியா?" என்றார்.

"இன்னும் இல்ல மாமி."

மாமியார் போனை வைக்கவில்லை. "சரி, சாப்பிட்டியா? என்ன சமைச்சே, சொல்லு" என்றார்.