கடைசி வாரம்

புருஷன் அடித்தான் என்று ஆராயியின் மகள் தனம் பெட்டியோடு வந்து மாசக்கணக்காகிறது. அதைப்பற்றி ஆராயி தெருவில் வாய் திறந்ததில்லை. கஸ்தூரி வீட்டு டிவியில் வாராவாரம் ஓடிய நாடகத்துக்குத்தான் வாய் கிழியப் பேசினாள். அதிலும் ஒரு மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"அவ எதுக்குத் திரும்பணும்?" என்பாள்.

"பொம்பளைக்கு ரோஷம் இவ்ளோ ஜாஸ்தி ஆவாதுக்கா. கடைசி வாரம் பாரு, தானா போய் நிப்பா" என்பாள் எதிர்வீட்டு சரோஜா.

அந்தக் கடைசி வாரம் பௌர்ணமியில் வந்து விழுந்தது. மலை சுற்றுகிறவர்களுக்கு இட்லி விற்க ஆராயி அடி அண்ணாமலைக்குப் போய்விட்டாள். காலையில் குண்டானை இடுப்பைவிட்டு இறக்காமலே கஸ்தூரி வீட்டுக்கு ஓடினாள்.

"திரும்பிட்டாளா?"

"அட போக்கா! போவணும்னு சரோஜா, கூடாதுன்னு நானு, தெருவே ரெண்டு கட்சி. கத்துன கத்துல எவளும் பாக்கல. நிமுந்து பாத்தா செய்தி வாசிக்கறாங்க."

ஆராயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தினி வாரம் பாத்துட்டு, முடிவப் பாக்க ஒருத்திக்குக்கூடத் துப்பில்லியா?"

"திரும்பித்தான் இருப்பா," என்றாள் வாசலுக்கு வந்த சரோஜா. "வேற எங்க போவா?"

ஆராயி குண்டானை ணங்கென்று கீழே வைத்தாள்.

"எங்கூட்டுக்கு வரட்டும்டி! ஏற்கெனவே ஒருத்தி இருக்கறா. கூட ஒருத்தி இருந்துட்டுப் போறா."