திருவிருந்துக்கு எழுதிய ஓலை

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று போர்டிங் பள்ளிக்கூடத்தில் பலமுறை எனக்குப் புத்தி சொன்னார்கள். மற்ற பாடங்கள் எல்லாம் வந்தன; அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஜெயமங்கலத்துப் பக்கம் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டார் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்திருந்தோம். தெருக்கோடியில் ஓலை வேய்ந்த ஜெபவீடு. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியார். பெரியகுளத்திலிருந்து குருவானவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வருவார். அவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமையில்தான் திருவிருந்து நடக்கும். ஆளுக்கு ஒரு துண்டு அப்பமும், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு ஒரு வாயும் கிடைக்கும்.

அந்தப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது யார், தேவதானப்பட்டி அம்மன் திருவிழாவுக்குப் போய் வந்தது யார், புருஷனோடு மல்லுக்கு நின்றது யார் என்று முந்தின வாரம் முழுவதும் உபதேசியார் வீடு வீடாக விசாரிப்பார். குற்றம் காணாதவர்களுக்குச் சனிக்கிழமை மாலை ஓர் ஓலை நறுக்குக் கொடுப்பார். விரல் நீளத்தில் ஒரு பனையோலைத் துண்டு, அதில் அவரவர் பெயர். மறுநாள் அதை ஐயரிடம் கொடுத்தால்தான் அப்பம். நறுக்கு இல்லாதவர்கள் வாசலோரம், இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உபதேசியாருக்குக் கண் மங்கல். ஆகவே பெயர் எழுதும் வேலை, அவரிடமே எழுத்துப் படித்த என்னிடம் வந்தது. எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவித் துடைத்துக் கொடுப்பேன். அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். அதன்பின் ஒரு நறுக்கையும் நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. நானே எழுதியதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்த வருஷம் அப்பா மலைமேல் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு நிறைமாதம். அம்மாவின் அக்காள் முந்தின வருஷம்தான் பிரசவத்தில் இறந்திருந்தாள். அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு.

"பிள்ள பொறக்கதுக்கு முந்தி ஒருக்கா பந்தியில கை நீட்டிட்டேன்னா போதும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். "அப்பறம் என்னய எங்கன கூப்பிட்டாலும் போறேன்."

எங்களுக்கு ஒரு துண்டு குத்தகை வயல் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வயல்காரர் எங்கள் வேதக்காரர் அல்லர். ஆனாலும் தம் திங்கட்கிழமையை எங்களுக்குக் கொடுத்து, எங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தாம் எடுத்துக்கொள்வார். திருவிருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரால் முடியவில்லை.

"எம்மக கல்யாணத்தன்னைக்கு நான் மம்பட்டியத் தூக்கிட்டுப் போக முடியுமா ஆத்தா?" என்றார். பிறகு சிரித்தார். "ஒங்க சாமி ஏழாம் நாளு ஓஞ்சு ஒக்காந்திருக்கலாம். பயிரு ஒக்காந்திருக்குமா?"

பயிர் கதிர் வாங்கும் தறுவாய். அன்று தண்ணீர் விடாவிட்டால் அடுத்த முறைக்குள் வைக்கோல்தான் மிஞ்சும். விடியற்காலையில் அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். வயிற்றுக்கு மேல் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம், "கேட்டாகன்னா மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ஜெபவீட்டில் நான் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். எங்கள் தெருவில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் உபதேசியாரும் நானும்தான். சொல்லி முடித்த சூடு ஆறும் முன்னே அவர் கேட்டார்.

"ஒங்கம்மாவ எங்கன காணோம்?"

பொய் சொல்லக்கூடாது என்கிற ஒன்பதாவது கட்டளையை அப்போதுதான் சொல்லியிருந்தேன். "மட தொறக்கப் போயிருக்கு" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் சரியாகத் தெரியும்போது உரக்கச் சொல்வதுதான் என் வழக்கம்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கையைத் தட்டிச் சிரித்தாள். "பெத்தவளக் காட்டிக்குடுன்னு எத்தனாவது கட்டள ஆத்தா சொல்லுது?"

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

உபதேசியார் கெட்டவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெல் குத்தினாள் என்று போன தடவை தம் சொந்த மனைவிக்கே நறுக்குக் கொடுக்காதவர் அவர். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று மனப்பூர்வமாக நம்பினார். சனிக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான் பெயர்களை எழுதினேன். முடிந்துவிட்டது என்றார்.

"எங்கம்மா பேரு?"

"எழுதாத."

"மாசமா இருக்கு. அடுத்த தடவைக்குள்ள..."

"தெரியும் புள்ள. நான் என்ன செய்ய? ஞாயித்துக்கெழம மம்பட்டி புடிச்ச கைய அப்பத்துக்கு நீட்ட விட்டா, நாளைக்கு ஊரே மம்பட்டியத் தூக்கும். போய் வெளையாடு."

அவர் நறுக்குகளோடு உள்ளே போனார். மிச்ச ஓலை என் மடியில் கிடந்தது. அதில் ஒரு துண்டை நறுக்கி அம்மாவின் பெயரை எழுதினேன். அன்று எழுதியவற்றில் அதுதான் அழகாக அமைந்தது. வீட்டுக்கு ஓடி, "உபதேசியார் குடுத்தாக" என்று நீட்டினேன். ஒன்பதாவது கட்டளை அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா நறுக்கை வாங்கினாள். அதன் ஓரத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள். இன்னொரு முறை தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவுகளே குடுத்தாகளா?"

"ஆமா."

"சரி" என்று முந்தியில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் ஐயர் வந்தார். ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா கடைசி ஆளாக, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உபதேசியார் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கி மறுபடியும் பார்த்தார். ஆராதனை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதும் ஒரு சட்டம். அதனால் என் அம்மா தப்பினாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஐயர் ஒவ்வொருவரிடமும் நறுக்கை வாங்கி ஓலைப்பெட்டியில் போட்டு, அப்பம் கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் வந்ததும் அம்மா தலையை நிமிர்த்தி ஏதோ சொன்னாள். ஐயர் குனிந்து கேட்டார். அவரும் ஏதோ சொன்னார். வாசலோரம் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெபம் என்று நினைத்தேன். அவர் நறுக்கை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து மற்றவற்றோடு போட்டார். அம்மா கை நீட்டினாள். அப்பம் கிடைத்தது.

வழக்கமாக அந்தப் பெட்டியை உபதேசியார் வீட்டுக்கு எடுத்துப் போவார். அன்று ஐயர் அதைத் தாமே தூக்கிக்கொண்டு போய், தமக்குச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் கவிழ்த்துவிட்டார். என் எழுத்தை யாரும் இனிச் சோதிக்க முடியாது. கர்த்தர் என் பக்கம் இருக்கிறார் என்று உறுதிப்பட்டுவிட்டது.

சாப்பிட்டபின் ஐயர் என்னைக் கூப்பிட்டார். பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்பதாவதையும் தடங்கல் இல்லாமல் சொன்னேன். அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி படிந்த என் விரல்களையும் பார்த்தார்.

"எழுத்து நல்லாருக்கு. போர்டிங்குல வந்து படிக்கியா?" என்றார்.

மூன்று வாரத்தில் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐயர் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுத, அடுத்த மாதம் நான் பெரியகுளத்துக்கு போர்டிங்கில் படிக்கப் போனேன்.

இப்போது நான் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் கையெழுத்து அம்மாவைப் பந்தியில் உட்காரவைத்த கதையை முதல்முறையாக அவளிடமே சொன்னேன். கொஞ்சம் நன்றியை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ என்ன எழுதுனன்னு எனக்கு எப்பிடி ஆத்தா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது வெட்டு மட்டுந்தான்."

உபதேசியார் ஒவ்வொரு நறுக்கையும் வீட்டுக்குள் கொண்டுபோய், ஓரத்தில் பேனாக்கத்தியால் சிறிதாக ஒரு வெட்டு வெட்டித்தான் கொடுப்பாராம். படிக்காதவர்கள் எல்லாரும் அதை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். தெருவில் அது தெரியாத ஆள் படித்தவள் ஒருத்திதான்.

"அப்ப ஐயர்கிட்ட என்ன சொன்ன?"

"இதுல வெட்டு இல்லங்கையா, எம்புள்ள பொய்யா எழுதிக் குடுத்துருச்சு, நான் போன வாரம் மட தொறந்தேன், போகச் சொன்னீகன்னா போயிர்றேன்னு சொன்னேன்."

"அவுக?"

"வெட்டு இருக்கவுகளுக்கும் நான் சும்மாதாம்மா குடுக்கேன், கைய நீட்டுன்னாக." அம்மா முறத்தை மறுபடி எடுத்தாள். "நல்ல மனுசன்."

ஐயர் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. என் வாயிலிருந்து ஒன்பதாவது கட்டளையைக் கேட்டதும் அதற்குப் பிறகு. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதியதும் அதற்குப் பிறகுதான்.

அம்மா புடைத்துக்கொண்டிருந்தாள். பதர் காற்றில் போயிற்று. ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்ததால் கிடைத்த இடம் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது வயதில் பெட்டி கட்டி, தெருவே பார்க்க வண்டியேறிப் போன அந்தச் சிறுமியை நான் நினைத்துப் பார்த்தேன். வழியனுப்ப வந்த உபதேசியாரிடம்கூட அவள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள்.