கைறுன்னிஸாவின் மடங்கிய விரல்கள்

அடுத்த அறையில் பாக்குவெட்டி நறுக், நறுக்கென்று விழுந்துகொண்டிருந்தது. இடையிடையே நாச்சியா தன் தம்பி நுஹ்மானுக்குப் புத்தி சொன்னாள். பாயில் கிடந்த கைறுன்னிஸாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தம்பி மனைவிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் நாச்சியாவும் பேசினாள்.

"கழலைய வெட்டின வழியால ஜின் பூந்திருக்கு தம்பி. கையப் பாத்தியா, கோழிட அலகு மாதிரி? கொமருப் புள்ள ஸரீனாவ அவளோட ஒரே வீட்டுல வச்சுக்க ஏலுமா? அவட உம்மா வீட்டுக்கு அனுப்பிடு."

அனுப்பிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது. நாவுலயில் தன் கணவரின் தங்கையை நுஹ்மானுக்கு நிக்காஹ் செய்து வைக்க நாச்சியா ஏற்கெனவே பேசியிருந்தாள். மகள் ஸரீனா வாப்பாவோடு இந்த வீட்டிலேயே நின்றுவிடுவாள். பெற்றவளுக்கு அவளைக் கண்ணால் காணக்கூடக் கிடைக்காது.

பதினேழு வயதில் நாலந்தாவிலிருந்து பலாபத்வலவுக்கு வாழ வந்தவள் கைறுன்னிஸா. ஸரீனா பிறந்த பிறகு கழுத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. அது மாங்காயாக வளரும் வரை, பன்னிரண்டு வருஷம், முக்காட்டால் மூடியே காலம் தள்ளினாள். கல்யாண வீடுகளில் நாச்சியா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை; 'கழலைக்காரி' என்பாள். அறுபத்து நான்காம் வருஷம் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். துணைக்கென்று வந்து சேர்ந்தாள் நாச்சியா.

விழுங்கக் கொடுத்த குளிசையை ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் கை இழுக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வெட்டுப்பட்ட தொண்டை முழுக் குளிசையை விழுங்காது, கொத்தமல்லித் தண்ணீரில் கரைத்துத் தருகிறேன் என்றாள் நாச்சியா. கைறுன்னிஸாவும் நம்பிக் குடித்தாள். நாலாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இன்று காலை விரல்கள் விறைத்துக் குவிந்து, இரண்டு பெருவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டன.

அவள் சுவரில் தோளை ஊன்றி எழுந்து அடுத்த அறையின் வாசற்படிக்கு வந்தாள்.

"தோட்டத்து டிஸ்பென்சரக் கூட்டிட்டு வாங்க. அவர் மருந்துக்கு என்ட கை விரியாட்டி, நானே போறேன். நீங்க அனுப்பத் தேவயில்ல."

நுஹ்மான் அக்காளைப் பார்த்தான். அவள் சிரித்தாள். போய்க் கூட்டி வா, ஜின்னுக்கு ஊசி குத்துவதை நானும் பார்க்கிறேன் என்றாள்.

தோட்ட மருந்துச்சாலையின் டிஸ்பென்சர் பொன்னையா கடுகடுப்பான ஆள். வந்தவர் யாருக்கும் முகம் கொடுக்காமல், கைறுன்னிஸாவின் காதுக்கு முன்னால் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். வாயோரம் சுண்டி இழுத்தது. குளிசை எங்கே என்று கேட்டார்.

"கிணத்தடியில கொட்டினேன்" என்றாள் நாச்சியா, தலை நிமிர்ந்தே. "நாக்குல வச்சுப் பாத்தேன். பச்சச் சுண்ணாம்பு. வெத்தலயில கொஞ்சம் கூடினாலே வாய் வெந்துபோகுது. வெட்டின தொண்டைக்கு அதயா கொடுப்பாங்க?"

"இது தொண்டயில பூசுற மருந்தில்லங்க, ரத்தத்துக்குப் போற சுண்ணாம்புச் சத்து. கழலைக்குப் பின்னால இருக்கிற சின்னச் சின்ன சுரப்பிதான் அந்தச் சத்த அளவா வச்சுக்கும். வெட்டுனதுல அதுக்கு அடிபட்டுருச்சு. இன்னும் ரெண்டு நாள் நீங்க பாத்திருந்தா மூச்சுக்குழல் இறுகி, உசிர் போயி மையத்துதான்."

ஊசி மருந்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார். உடம்பெல்லாம் அனல் பரவியது. நுஹ்மான் கலிமாவை முணுமுணுத்தான். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் அசைந்தது, பிறகு மற்றவை, கடைசியில் பெருவிரல். ஸரீனா உம்மாவின் உள்ளங்கையில் முகம் புதைத்து விம்மினாள். நாளைக்கே கண்டிக்குக் கொண்டுபோங்கள், காலமெல்லாம் குளிசை வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் பொன்னையா புறப்பட்டார்.

"நான் தெரியாமத்தான் செஞ்சேன்" என்றாள் நாச்சியா.

கைறுன்னிஸா விரிந்த கையால் மகளை அணைத்துக்கொண்டாள். "குளிசையக் கொட்டினது தெரியாம, மைனி. என்ட மாப்பிளக்கிப் பொண்ணு பாத்ததும் தெரியாமலா?"

நாச்சியா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் மூலையில் இருந்த அக்காளின் பையை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனான். மூன்று மணி நாவுல பஸ் ரோட்டில் ஹோன் அடித்தது. நாச்சியா ஸலாம் சொல்லாமல் இறங்கினாள். அவள் பஸ் ஏறும் வரைகூடக் காத்திராமல் கைறுன்னிஸா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.