கட்டைவிரல் படும் இடம்

காரைக்குடியில் சூசைமரியான் மெருகேற்றிய கத்தியை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். அலகு முழுக்கக் கண்ணாடியாய் மின்னும். பிடியை ஒட்டி ஒரு விரல் அகலம் மட்டும் மங்கலாகக் கிடக்கும். "அதுக்குள்ள கை வலிச்சிருச்சாக்கும்" என்று கேலி பேசாதவர் இல்லை. மனுஷன் சோம்பேறி என்ற பெயரையும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அவரைப்போல் வேலைவெறி பிடித்த ஆள் ஊரில் கிடையாது. வினையே அந்த வெறியால்தான் வந்தது.

தொண்ணூற்று நாலு, தை மாதம். கோட்டையூர் பெத்தாச்சி தன் சின்ன மகள் நித்யஸ்ரீயின் கல்யாணத்தில் சீராகப் பரப்பி வைக்க, வீட்டிலிருந்த கத்தி கரண்டிகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். பரப்பிய சாமானைச் சம்பந்தி வீட்டார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். "முகம் தெரியணும் சூசை" என்றார் ஆச்சி. "பொட்டே வச்சுக்கிறலாம், போங்க ஆச்சி" என்றார் இவர்.

அந்த வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் குடும்பத்தின் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். அதன்மேல் மெருகுச் சக்கரம் படாமல் ஒதுக்குவது சூசைமரியானுக்குக் கைவந்த பழக்கம். சாக்கிலிருந்த பழைய காய்கறிக் கத்தியிலும் அந்த எழுத்தை அப்படியே காப்பாற்றினார். பிடியோரம் இருந்த கோணல்மாணல் கீறல்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. எமரித் தாளில் தேய்த்தார், போகவில்லை. துணிச் சக்கரத்தில் பிடித்தார், சாய்த்துப் பார்த்தால் நிழலாகத் தெரிந்தது. 'எந்தக் கூறுகெட்டவன் ஆணியால கிறுக்குனான்' என்று திட்டிக்கொண்டே மறுபடி எமரிக்குப் போனார். மத்தியானச் சோற்றுக்கு மனைவி யூஜினியா இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கீறல் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. பின்னாளில் அன்றைய பெருமையை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

சாமானை வாங்க வந்த ஆச்சியிடம் அந்தக் கத்தியைத்தான் முதலில் நீட்டினார். "முகம் தெரியணும்னீக, பாருங்க ஆச்சி. ஒரு கீறல் இருக்கா?"

ஆச்சி திருப்பிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கேட்டபடியே அவர் முகம் தெரிந்தது.

"இங்குட்டு எங்க சாலா பேரு இருந்துச்சேப்பா."

சாலா அவருடைய மூத்த பெண். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள்.

"ஏழு வயசுல ஆணிய வச்சு எழுதுனா. புதுக் கத்தியக் கெடுத்துட்டியேன்னு நாந்தான் அடிச்சேன்." ஆச்சி குரலை உயர்த்தவில்லை. "தங்கச்சி சாமானோட அவளும் ஒரு ஓரமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அதைப் போய் ஒருத்தன் கீறல் என்று நினைப்பான் என்று அந்தத் தாய்க்குத் தோன்றவே இல்லை, பாவம்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆச்சி. அதே எடத்துல வெட்டிக் குடுத்துர்றேன்."

"நீ எழுதுனா அது உன் எழுத்துத்தானப்பா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஆச்சி கத்தியைக் காய் நறுக்குவதுபோலப் பிடித்தார். மகள் போன நாளிலிருந்து தினமும் அவர் கட்டைவிரல் போய் உட்கார்ந்த இடம் அது. விரலை அங்கே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"வழுக்குது சூசை" என்றார்.