கிச்சாவின் காலைப் பிரசங்கம்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மயிலாப்பூரில் ஒரு பஜனை சபை நடத்திய இலவச வைத்தியசாலையில் டோக்கன் கொடுக்கும் பொறுப்பைக் கிச்சா விரும்பி ஏற்றுக்கொண்டார். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். கூட்டம் எட்டரைக்கே வந்துவிடும். அந்த நேரத்தை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை.

"வியாதியும் வறுமையும் போன ஜென்மத்துப் பாவம். மருந்துல தீராது. அனுபவிச்சுத்தான் கழிக்கணும்" என்று தினமும் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் டோக்கனை நீட்டுவார். அடுத்த அறையில் மருந்து கொடுப்பார்கள் என்பது அவருக்கு உறுத்தவில்லை.

எல்லோரையும்விட ஊன்றிக் கேட்டவள் தேவானை. கால்வாயோரக் குடிசைக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண்.

தொண்ணூற்றாறு ஆவணியில் கிச்சாவுக்கு நெஞ்சு வலித்தது. மனைவி ஹம்சா விபூதியை எடுப்பதற்குள், "ஆட்டோவைக் கூப்பிடுடீ!" என்று அலறினார். பைபாஸ் நடந்தது. பார்க்க வந்தவர்களிடம், "பகவான் சோதிக்கறார். நல்லவாளைத்தானே சோதிப்பார்" என்றார்.

வீடு திரும்பிய வாரம், எலுமிச்சம்பழத்தோடு தேவானை நொண்டிக்கொண்டே வந்தாள். அவர் மார்பிலிருந்த தையலைப் பார்த்து அழுதுவிட்டாள்.

"போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணீங்களோ சாமி! எனுக்குக் காலு மட்டும்தான். உங்குளுது பெர்சா கீதே!"

கிண்டல் துளியும் இல்லை. கிச்சா துண்டை இழுத்துத் தையலை மூடிக்கொண்டார்.

"இந்த மாத்திரைய எல்லாம் நிறுத்திடுங்க சாமி. நான் நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது. அனுபவிச்சே கழிச்சிட்டா அடுத்த ஜென்மத்துல நல்ல காலு கெடைக்கும்ல?"

கிச்சாவின் கை, மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஹம்சா குனிந்து தேவானையின் கால் கட்டைப் பிரித்தாள். விரல்கள் கறுத்திருந்தன. "ஏன்னா, இதையும் கொஞ்சம் பாருங்கோ" என்றாள்.

டாக்டர் படியிறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், கிச்சாவே அவளை ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம், "மருந்தும் பகவான் குடுக்கறதுதான், தேவானை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கால் பிழைத்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வார்டில் தேவானை நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்: "அப்ப இந்த ரெண்டு வெரலு யாரு பண்ண பாவத்துக்குப் போச்சி சாமி?"

கிச்சா மெல்லக் கீழே இறங்கிப் போய் அவளுக்கு இட்லி வாங்கி வந்தார்.