மதியச் சாப்பாட்டில் நான் நடத்திய கடற்போர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயார் செய்ய வேண்டும். சரக்கு ஏறிய கப்பல் எங்கே போகிறது என்று கணினியில் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. உங்களுக்கும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன், பாருங்கள்.

1. கேன்டீன்

மதியம் பேக்கிங் பிரிவு ஆட்களோடு உட்காருவேன். அவர்கள் சாப்பிட, நான் போனில் செய்தி படித்துச் சொல்வேன். படிப்பதோடு நிறுத்தாமல் தீர்ப்பும் சொல்வேன்.

அந்த வாரம் தொலைவில் ஒரு கடலில் போர்க்கப்பல்கள் முற்றுகை போட்டிருந்தன. போட்டது நமக்கு நட்பு நாடு. பெயர் வேண்டாம், எழுதினால் மறுபடி சண்டை வரும். தடையை மீறி நுழைந்த ஒரு சரக்குக் கப்பலைச் சுட்டதில் மாலுமிகள் சிலர் இறந்துபோனார்கள்.

"ஃப்ரெண்டுன்னா, சுட்டாகூட கைதட்டிக்கினு இருக்கணுமா?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏழுமலை அண்ணன்.

"நமக்குக் கஷ்டம்னா யார் அண்ணா வந்து நிப்பா? அவங்கதானே. நில்லுன்னு சொல்லியும் நிக்கலன்னா சுடத்தான் செய்வாங்க."

"கப்பல்ல கீறவன் இன்னா பண்ணுவான் மா? கேப்டன் போன்னா போறான்."

"வேலையே வேணாம்னு எறங்கியிருக்கணும்."

"நடுக்கடல்ல எந்த ஸ்டாப்பிங்ல எறங்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்த நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் மெயிலில் என்னை 'மேடம்' என்று அழைப்பார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரையும் யாரும் மேடம் என்றதில்லை. ஒரு நாட்டுக்கு விசுவாசமாக இருக்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பேக்கிங் மேரி அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

"அதோட தம்பி அந்தப் பக்கம்தான் கப்பல்ல கீறான்," என்றார் ஏழுமலை அண்ணன். "நாலு நாளா போன் இல்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இரண்டு வருடமாக ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறோம். பேசியதெல்லாம் நான்தான்.

2. பச்சை அம்பு

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் என் திறமையைக் காட்டப் போனேன்.

"கப்பல் பேர் சொல்லுங்க அக்கா. ரெண்டு நிமிஷத்துல எங்க இருக்குன்னு பாத்துடலாம்."

அக்காவை என் மேசைக்கே கூட்டி வந்து பெயரைத் தட்டினேன். வரைபடத்தில் பச்சை அம்பு வந்தது, முற்றுகைக்கு வெகு தூரத்தில். "பத்திரமா இருக்கார்," என்றேன். அக்கா அங்கேயே நின்று அழுதார். பொன்னேரியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்க மா, தம்பி நல்லா கீறான்," என்றார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெருமையை அனுபவித்து முடித்த பிறகுதான் அம்புக்குக் கீழே இருந்த சிறிய வரியைப் பார்த்தேன். கடைசியாகச் சிக்னல் வந்தது ஐந்து நாளுக்கு முன். ஆபத்தான கடலில் கப்பல்கள் சிக்னலை நிறுத்திவிடும். அம்பு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். 'முதலில் நேரத்தைப் பார்' என்று என் கையெழுத்திலேயே எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். வால்வுப் பெட்டிகளுக்கு ஒருநாளும் தவறாமல் பார்ப்பேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு பேக்கிங்குக்குப் போனேன்.

"அக்கா, நான் பாத்தது அஞ்சு நாள் முந்தி இருந்த எடம். இப்ப எங்கன்னு தெரியல."

"சுட்டதுக்கு முந்தியா?"

"ஆமாம்."

அக்கா ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முழுக்க ஒட்டி முடித்தார். "எங்கம்மா இப்பத்தான் சோறு துன்னுக்கினு இருக்கும். நீயே சொல்லு," என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

"யாரு, கம்ப்யூட்டர் பொண்ணா?" என்றது குரல். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"சுடறவங்க நமக்கு சிநேகிதம்னு டிவில சொல்றாங்களே, நெஜமா மா?"

"ஆமாம்மா."

"அப்போ அந்தக் கப்பல்ல நம்ம புள்ளைங்க கீதுங்கன்னு அவங்களாண்ட யாராச்சும் சொல்லக்கூடாதா?"

கேன்டீனில் அவ்வளவு நேரம் பேசிய எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

"தெரியலன்னு சொல்லவா போன் போட்ட?"

"ஆமாம்மா."

"சரி. நாளைக்கும் போடு."

போட்டேன். மூன்று நாள், தினமும் மதியம், தெரியவில்லை என்று சொல்வதற்காகவே.

நான்காம் நாள் அம்பு நகர்ந்திருந்தது. நேரத்தை இரண்டு முறை பார்த்தேன். சிக்னல் வந்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஓடினேன். அதற்குள் மேரி அக்கா போனில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். "இத்தினி நாளு இன்னாடா பண்ணிக்கினு இருந்த, பேமானி?" கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அம்பைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள், நன்றியை வாங்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள். நட்பு நாட்டைப் பற்றிய என் கருத்து அப்படியொன்றும் மாறிவிடவில்லை. பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அடுத்த நாள் செய்தியில், சுடப்பட்ட கப்பலில் இறந்தவர்களின் பெயர்கள் வந்திருந்தன. மதியம் ஒவ்வொன்றாகப் படித்தேன். சிலவற்றை எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை. முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"அவ்ளோதான் அண்ணா."

மேரி அக்கா தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். அன்றுதான் நான் அந்த பெஞ்சில் சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டேன்.