பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த ஃபுட்பால் ரூல்

இன்று காலை கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில், என் மடியிலிருந்த ஃபுட்பாலைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு இந்த வெளாட்டு தெரியுமா? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாரீங்களா?"

எனக்கு ஒரே குஷி. கோல்கீப்பர் தவிர யாரும் கையால் தொடக்கூடாது, பந்து கோட்டை முழுசாகத் தாண்டினால்தான் கோல் என்று ஆரம்பித்தேன்.

அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். குவைத்தில் ஏதோ மணல் மைதானம். மஞ்சள் பனியன் போட்டவர் கோல் அடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால், ஓரத்தில் நிற்பவர் கொடியைத் தூக்குகிறார். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

"எங்க வீட்டுக்காரரு. லீவுல வந்து எல்லாம் சொல்லித் தாரேன்னாரு. இத அனுப்புன மறுநாளே தவறிட்டாருக்கா. அந்தாளு எதுக்குக் கொடியத் தூக்குறாரு?"

அப்பட்டமான ஆஃப்சைடு. பந்து வருமுன்பே அவள் வீட்டுக்காரர் எதிரணி ஆட்களைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறார். அந்தக் கோல் செல்லாது.

"கொடி தூக்குனா மட்டும் பத்தாதும்மா. ரெஃப்ரி விசில் அடிச்சாத்தான் கணக்கு," என்றேன்.

"இதுல விசில் சத்தம் கேக்கலையேக்கா."

"கேக்கல. அப்ப கோல்தான்."

அவள் மறுபடி ஓடவிட்டாள். அவர் மறுபடி சிரித்தபடி ஓடி வந்தார்.

அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் விசில் அடித்தார். அவள் திடுக்கிட்டு, போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த விசில் என் காதை விட்டுப் போகவில்லை.

ரூல் தெரிந்த மகாராசன்கள் கமெண்டுக்குத் தாராளமாக வரலாம். கொடியை மட்டும் யாரும் தூக்காதீர்கள்.